செத்த காலேஜும் உயிருள்ள கல்வியும்

சென்னைப் பட்டணத்துப் பாமர ஜனங்கள் எழும்பூர் மியூஸியத்தை வெகு காலம் 'செத்த காலேஜ்' என்றே வழங்கி வந்தார்கள். மிருகக் காட்சிச் சாலை அவர்களுக்கு 'உயிர்க் காலேஜ்'. கேலியாகப் பிறந்த பெயரே ஆயினும் அதில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. அங்குள்ள பொருள்கள் வாய் திறவாமல் கிடக்கின்றன என்பது ஒன்று. ஆயினும் அது ஒரு கலாசாலையே என்பது மற்றொன்று. இந்தக் கலாசாலைக்கு உயிரூட்ட வேண்டியவர்கள் யார் என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

1851-ம் வருஷம் தொடங்கப் பெற்ற அந்தச் சாலையில் உள்ள செல்வம் சாமான்யமானதன்று. அமராவதிச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். ஆதிச்சநல்லூர்ப் புதைபொருள்கள் இருக்கின்றன. 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்து, இத்தேசத்தில் கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதை உலகுக்கு அறிவித்தவர் ராபர்ட் புரூஸ் பூட். அவர் சேகரித்த பொருள்களை 1904-ல் அம்மியூஸியமே விலைக்கு வாங்கிற்று.

இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நம் பிள்ளைகள் சரித்திரம் கற்கும் விதம் என்ன? 'ஆதி மனிதன் கல்லினால் ஆயுதம் செய்தான்' என்று புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. பிள்ளை அதை உருப்போடுகிறான், பரீட்சையில் எழுதுகிறான், மறுநாள் மறக்கிறான். அதே பிள்ளையின் உள்ளங்கையில் அக்கல்லாயுதத்தின் பிரதி ஒன்றை வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் பிடிப்பது, ஏன் இரு புறமும் செதுக்கினான், எதை வெட்டியிருப்பான் என்று அவன் விரல்களே ஆராயத் தொடங்கிவிடும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' முதலிய பெயர்கள் தமிழிப் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. தன் பலகைப் பெட்டியில் பெயர் பொறிக்கும் சிறுவனுக்கு, தன் பானையில் பெயர் கீறிய மனிதன் அந்நியனாகத் தோன்றுவானா?

பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் காட்சிச் சாலைகளுக்கு அழைத்துப் போகாமலில்லை. ஆனால் அந்த யாத்திரை பெரும்பாலும் எப்படி நடக்கிறது? நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் சுற்றிக் காட்டி, 'தொடாதே, நில்லாதே, நகரு' என்ற மூன்று சொற்களைப் போதித்துத் திருப்பி அனுப்புகிறோம். குற்றம் பிள்ளைகளுடையதன்று, உபாத்தியாயருடையதும் அன்று. எந்தப் பொருளின் முன் நிற்பது, என்ன கேட்பது என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பிற இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸெயின்ட் லூயி நகரத்தார், 1904-ல் அங்கு நடந்த உலகக் கண்காட்சியின் பொருள்களைக் கொண்டு மறு வருஷமே பள்ளிகளுக்கென ஒரு காட்சிச் சாலை அமைத்து, குதிரை வண்டியில் அவற்றை வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். சிகாகோவின் பீல்டு மியூஸியம் 1912 முதல், நார்மன் ஹாரிஸ் என்பவரின் தர்மத்தைக் கொண்டு, பொருள்களைப் பெட்டிகளில் வைத்துப் பள்ளிகளுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கிற்று. பம்பாயில் உள்ள பெரிய காட்சிச் சாலையும் 2015-ல் ஒரு பஸ்ஸையே சிறு மியூஸியமாக்கி ஊர்களுக்கு அனுப்பிற்று. பிள்ளை பொருளிடம் வர முடியாவிட்டால், பொருள் பிள்ளையிடம் போக வேண்டும் என்பதே இம்மூன்றும் கற்பிக்கும் பாடம்.

'விலைமதிக்கவொண்ணாத பொருள்களை வெளியே அனுப்புவதா?' என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபமே. நடராஜ விக்கிரகத்தைப் பெட்டியில் அனுப்பும்படி நாம் கேட்கவில்லை. நல்ல பிரதிகள் போதும். பிரதியும் இயலாவிடில் பல கோணங்களில் எடுத்த தெளிவான படங்கள் போதும். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் சென்னை மியூஸியத்து நடராஜ வடிவங்களின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து, அவற்றின் அழகைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அது 1921-ல் வெளியாயிற்று. கடல் கடந்த ஒருவருக்குப் படம் இவ்வளவு செய்யுமானால், நம் கிராமத்துப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாதா?

ஆயினும் பெட்டியும் படமும் தாமாகக் கற்பிக்க மாட்டா. நடுநாயகம் உபாத்தியாயரே. வெண்கல விக்கிரகத்தின் பெயரையும் காலத்தையும் அவர் ஒப்பித்தால் அது இன்னொரு பாடப் புத்தகமாகவே முடியும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையை அவர் அறிந்திருந்தால், ஒரு மெழுகுவர்த்தியையும் ஒரு பிடி களிமண்ணையும் கொண்டே பாதிப் பாடத்தை நடத்திவிடுவார். சித்திரம், சரித்திரம், ரசாயனம் மூன்றும் அங்கே ஒன்றாய்க் கூடும். இந்த அறிவை அவருக்கு அளிப்பது காட்சிச் சாலையின் கடமை.

ஒன்றும் நடைபெறவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. எழும்பூரில் குழந்தைகளுக்கென ஒரு பகுதி ஏற்பட்டது. 2023 மார்ச்சில் கீழடியிலேயே ஒரு காட்சிச் சாலை திறக்கப் பெற்றது. இவை சந்தோஷிக்கத் தக்கவை. ஆனால் கட்டடம் எழுப்புவதோடு கடமை தீர்ந்துவிடாது. ஒவ்வொரு ஜில்லாக் காட்சிச் சாலையும் விடுமுறை நாட்களில் உபாத்தியாயர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும். பள்ளிகளுக்கு இரவல் பெட்டிகள் தர வேண்டும். பாடத் திட்டம் வகுப்போரும் காட்சிச் சாலை அதிகாரிகளும் ஒரே மேஜையில் அமர்ந்து, எந்தப் பாடத்துக்கு எந்தப் பொருள் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு புது மண்டபத்தின் செலவில் சிறு பங்கே.

தன் முன்னோர் கைப்பட்ட பொருளைத் தன் கையால் அறியாத பிள்ளை, பிறர் சொல்லும் பெருமையையும் நம்புவான், பிறர் சொல்லும் சிறுமையையும் நம்புவான். இரண்டையும் சோதித்துப் பார்க்கும் கண்ணை அவனுக்கு அளிப்பதே சுதந்திர நாட்டின் கல்வி. அதற்கு வேண்டிய பொருள்கள் நம்மிடம் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிகளின் பூட்டைச் சற்றே தளர்த்தச் சர்க்கார் மனம் வைக்குமா?