ஜாம் போத்தல் விளக்கு



போர் என்றதும் நம் கண்முன் நிற்பவை பீரங்கியும் விமானமுமே. போர் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, வென்றவர், தோற்றவர் என்றுதான் பாடத்திலும் படிக்கிறோம். அந்த ஆண்டுகளுக்கு நடுவே வீடுகளில் எப்படி அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

எனக்கு அதைச் சொன்னவர் என் வகுப்புத் தோழியின் அம்மம்மா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1996-இல் படகேறி வந்து, இன்று நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாமில் வசிக்கிறார்.

1990-இல் அங்கே மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாயிற்று. அப்போது வந்ததே ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டு, சிறு திரி ஏற்றுவார்களாம். "ஒரு விளக்கைச் சுத்தி அஞ்சு பிள்ளையள் இருந்து படிச்சவை, பிள்ளை" என்றார் அம்மம்மா. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். சோப்பு கிடைக்காதபோது பனம்பழத்தால் துணி வெளுத்தார்கள். பனந்துண்டுகளை அடுக்கிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டார்கள். உடன்குடியில் நமக்குக் கருப்பட்டி தரும் அதே பனை, அங்கே உயிரையும் காத்தது. 1995 அக்டோபர் இறுதியில் இலட்சக்கணக்கானோர் வீடுகளைவிட்டு நடந்தபோது, தென்மராட்சியின் வீடுகளும் பள்ளிகளும் அவர்களுக்குத் திறந்தன.

குண்டின் முன் இவற்றால் என்ன பயன் என்று கேட்கலாம். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒற்றுமை குண்டைத் தடுக்காது, உண்மைதான். ஆனால் பிழைத்தவர்களை மறுநாள் எழுந்து நிற்க வைத்தது அதுவே.

அந்த ஒற்றுமையிலும் ஒரு குறை இருந்தது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். "பக்கத்து வீட்டுச் சனம் போகேக்க நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டம்" என்று அம்மம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்டை வீட்டாரை விட்டுவிடும் ஒற்றுமை அரைகுறை ஒற்றுமையே என்பது என் கருத்து.

நம்மிடமும் நற்குணம் உண்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். ஆனால் வெள்ளம் சில நாளில் வடிந்துவிட்டது. இலங்கைப் போரோ 1983 முதல் 2009 வரை, 26 ஆண்டுகள் நீடித்தது. அதில் வீடிழந்து வந்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள்.

என் தோழி இங்கேயே பிறந்தவள். தாமிரபரணித் தண்ணீர் குடித்தே வளர்ந்தவள். ஆயினும் அவளுக்குக் குடியுரிமை இல்லை. அது பெரியவர்கள் தீர்க்க வேண்டிய காரியம். நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. "அகதிகள் முகாம்" என்ற பெயரைத் தமிழக அரசு 2021-இல் மாற்றிவிட்டது. ஆனால் "அகதிப் பிள்ளை" என்று அவளை அழைப்பதைச் சென்ற மாதமும் பேருந்தில் கேட்டேன். அன்று நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இனி நிற்க மாட்டேன். நீங்களும் நிற்காதீர்கள்.

பொதுத்தேர்வுக்கு நானும் அவளும் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்து படிக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி