குடைந்த நூல்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு, புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தின் 5ஆம் இலக்க மண்டபத்தில், விசாரணைக்கெனக் கொண்டுவரப்பட்ட கைதியொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டத்தரணியின் கோலத்தில் வந்தவர். துப்பாக்கி வந்ததோ, சட்டப் புத்தகமொன்றின் தாள்களைக் குடைந்தெடுத்த பள்ளத்தில்!

காவலில்லாத வாயிலன்று அது. எனினும், சட்டத்தரணிகள் சோதனையின்றி உட்செல்வது வழக்கமாயிருந்தது. கறுப்பங்கிக்கும் கைந்நூலுக்கும் நாம் காட்டிவந்த மரியாதையே கொலைக்கு வழிவிட்டது.

சோதனை தொழிலின் மாண்புக்கு இழுக்கு என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. எவருக்கு விலக்குண்டோ அவர் வேடத்திலேயே தீயோன் வருவான். ஆதலின், யாவரையும் ஒரே வாயிலில் ஒரே முறையாகச் சோதித்தலே அம்மாண்பைக் காக்கும்.

இறந்தவர்மீது எத்தகைய குற்றச்சாட்டு இருந்தாலென்ன? தீர்ப்பு வரும்வரை அவர் அரசின் அடைக்கலப் பொருள். நீதிபதியின் முன்னிலையிலேயே அடைக்கலம் பொய்த்துப் போகுமாயின், எளியவன் எந்த நம்பிக்கையோடு அப்படியேறுவான்?

நூலை வணங்கக் கற்பிக்கும் ஆசிரியர்களே, அதனைத் திறந்து பார்க்கவும் கற்பியுங்கள். திறந்து பாராத மரியாதை எவ்வளவு ஆபத்தானது என்பதைப் புதுக்கடை நமக்குக் காட்டிவிட்டது.