கையும் கல்வியும்

கல்லூரி ஜுபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென அன்பர்கள் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய யான் சங்க இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானோ மோட்டார் வண்டியின் வில்லைப் பற்றி எழுதத் துணிந்தேன். பொருள் சிறிதெனினும், எமது கல்வியின் பெருங்குறையொன்று அதனுள் மறைந்து கிடக்கின்றது.

வில் எமக்குப் புதிதன்று. இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்துப் பூட்டிய மாட்டு வண்டியை எம் முன்னோர் வில்வண்டி என்றனர். அப்பட்டைவில்லின் வேலையையே இன்று காரின் சுருள்வில் செய்கின்றது. ஆயின், வில் தான் ஏற்ற அதிர்ச்சியைத் திருப்பித் தரும் இயல்பினது. தனியே விட்டால் வண்டி ஒரு குழியில் விழுந்து பலமுறை துள்ளும். அத்துள்ளலை அடக்குவதே ஷொக் அப்சோபர் எனப்படும் அதிர்வடக்கி. அதனுள் எண்ணெய் சிறு துளைகளினூடே நெருக்குண்டு செல்ல, அசைவின் ஆற்றல் வெப்பமாகிக் கழிகின்றது. அது பழுதுறின் பயணச் சுகம் கெடுவது மட்டுமன்று. சில்லு நிலத்தைச் சரிவரப் பற்றாமையால், பிரேக் பிடித்தும் வண்டி நிற்கும் தூரம் கூடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்தது. இடையில் என்போன்றோர் பழைய வண்டிகளையே பேணி வந்தோம். என்னிடமுள்ளது ஒரு பழைய மாருதி 800. அட்டாளைச்சேனையின் உப்புக் காற்றும் ஒழுங்கைகளின் குழிகளும் அதன் முன் அதிர்வடக்கிகளை எண்ணெய் கசியச் செய்தன. அவ்வண்டியின் முன்புறத்தில் வில்லும் அதிர்வடக்கியும் ஒரே தண்டாய் இணைந்து நிற்கும். அதனை ஸ்ட்ரட் என்பர்.

வீட்டு முற்றத்திலேயே இரு பக்கமும் மாற்ற முனைந்தேன். துருவேறிய போல்ட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் இட்டேன். சில்லைக் கழற்றி, பிரேக் குழாயைத் தண்டினின்று விடுவித்து, கீழும் மேலும் உள்ள பிணைப்புகளை நீக்கித் தண்டை வெளியே எடுத்தேன். பின் அதன் உச்சியிலுள்ள நடு நட்டைத் திருகக் கை வைத்தேன். அவ்வேளை வாயிலில் வந்த அயல்வீட்டு மெக்கானிக் காக்கா, "சேர், அதில கை வைக்காதீங்க! வில்ல நெருக்காமக் கழட்டினா ஆளையே அடிச்சிப் போடும்!" என்று கூவினார்.

உண்மை அதுவே. இறுகிய வில்லை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரு நட்டேயாகும். அவர் தமது கராஜிலிருந்து வில்நெருக்கிகள் இரண்டைக் கொணர்ந்து, வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாய் முறுக்கினார். வில் தன் இருக்கையினின்று தளர்ந்த பின்னரே நட்டைத் தொட்டார். வண்டி ஜக் ஒன்றின்மேல் மாத்திரம் நிற்பதையும் கண்டார். "ஜக் தூக்கிறதுக்கு, சேர், தாங்கிறதுக்கு இல்ல," என்று கூறித் தாங்கிகளையும் வைத்தார்.

வில்லின் நீட்சி விசைக்கு நேர்விகிதசமம் என்று 1678 இல் ஹூக் வெளியிட்ட விதியை யான் மனனம் செய்தவன். அவ்விசை என் முகத்துக்கு நேரே நின்றதை அறியாதவன். விதியின் பெயரை அறியாத அவரோ அதன் வலிமையைக் கையால் அறிந்திருந்தார். இவ்விருவரையும் பிரித்து வைத்தது எது? எழுதும் கை உயர்ந்தது, எண்ணெய் படிந்த கை தாழ்ந்தது என்னும் எமது பழைய மயக்கமன்றோ!

உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கப்பட்டது. எனினும் ஏனைய பிரிவுகளில் இடம் பெறாதோர்க்கே அஃது உரியதெனக் கருதும் பெற்றோர் இன்றும் பலர். எமது காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் தமிழ்ப் புலமையோடு இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். நரம்பின் அளவையும் சுரத்தின் கணக்கையும் ஆராய்ந்து 1947 இல் யாழ் நூல் தந்தவர். ஏட்டையும் கருவியையும் அவர் பிரித்துப் பார்த்தாரல்லர்.

வீட்டிலேயே பழுது பார்த்தால் தொழிலாளியின் பிழைப்பு என்னாகும் என்பார் உளர். ஒருமுறை தானே செய்து பார்த்தவன் அவ்வேலையின் அருமையை அறிவான். கூலி பேசுகையில் வாய் திறவான். சில்லுகளை நேர்ப்படுத்தும் வேலைக்கு யானும் பின்னர் காக்காவிடமே சென்றேன். கேட்டதை மனமுவந்து கொடுத்தேன்.

ஆதலின் எனது வேண்டுகோள் இது. மாணவன் ஒவ்வொருவனும் பள்ளியை விட்டு நீங்குமுன் ஓர் இயந்திரத்தையேனும் தன் கையால் கழற்றிப் பூட்டட்டும். கராஜும் பட்டறையும் நடத்தும் பழைய மாணவர்கள், சனிக்கிழமைகளில் நம் சிறுவர் சிலரை அருகழைத்துக் கற்பிக்கட்டும். ஆசிரியராகிய நாம் அவர்களிடம் மாணவராக வெட்காதிருப்போம். இயன்றதைத் தானே செய்தலும், இயலாததை வல்லானிடம் ஒப்படைத்தலும் ஆகிய இரண்டும் கூடியதே அறிவு. முன்னதை மட்டும் கொண்டிருந்த யான் அன்று ஒரு கண்ணையேனும் இழந்திருப்பேன்.