அடிவாரத்து வீடுகளில் விழும் பறவைகள்

வீட்டில் குருவி கூடு கட்டினால் நல்லது என்பார்கள். ஆனால் ஐப்பசியில் குளியலறை மூலையிலும் மாடிப்படியின் கீழும் ஒடுங்கிக் கிடக்கும் ஆறுமணிக்குருவி கூடு கட்ட வந்ததல்ல. இரவுப் பயணத்தில் திசை தடுமாறி, சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழுந்தது. தென்னிந்திய ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது நடக்கிறது. திருமலை அடிவாரத்தில் காட்டை ஒட்டிய அலிபிரியில் இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

திருமலைக்கு நடந்து ஏறுவோருக்கு அலிபிரி முதல் படி; காட்டுயிர்களுக்கு அது காட்டின் கடைசி வரப்பு. அதன் பின்னே சேஷாசல மலைக்காடு நிற்கிறது. 1989இல் இந்தக் காடு ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா ஆனது. 2010இல் சேஷாசல மலைத்தொடரில் சுமார் 4,755 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள மஞ்சள் தொண்டைச் சின்னான் இங்குள்ள பாறைச் சரிவுகளில் வாழ்கிறது. இப்படிப்பட்ட காட்டின் வாசல்வரை விடுதிகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. அங்கே மொட்டைமாடியில் மயிலைக் காண்பதில் வியப்பில்லை.

பறவைகள் இப்படி விழுவதற்கு முதல் காரணம் வெளிச்சம். ஆறுமணிக்குருவி இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்துக்குத் தெற்கே இலங்கை வரை வருகிறது. முதுகு பச்சை, தோளில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை ஊடறுக்கும் கறுப்புப் பட்டை, குட்டை வால். பகலில் சருகைக் கிளறிப் புழு பொறுக்கும் இப்பறவை, நெடும்பயணத்தை இரவில்தான் மேற்கொள்கிறது. அசாமின் ஜடிங்காவில் நிலவில்லாத மூடுபனி இரவுகளில் விளக்கை நோக்கிப் பறவைகள் வந்து விழுவது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. வானத்தை நோக்கி எரியும் ஒவ்வொரு விளம்பர விளக்கும் ஒரு சிறு ஜடிங்கா.

இரண்டாவது காரணம் கண்ணாடி. அதில் தெரியும் மரத்தையும் வானத்தையும் பறவை உண்மை என்றே நம்புகிறது. 2023 அக்டோபரில் சிகாகோவின் ஏரிக்கரையில் உள்ள ஒரே மாநாட்டு மையத்தில் ஓர் இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மோதி இறந்தன. அடுத்த ஆண்டு அதே கண்ணாடிகளில் புள்ளி அச்சிட்ட படலம் ஒட்டப்பட்டது. சாவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நியூயார்க் நகரம் 2021 முதல் புதிய கட்டடங்களில் பறவை மோதாத கண்ணாடியைக் கட்டாயமாக்கியது. ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் வெளிப்புறம் புள்ளியோ கோடோ இருந்தால் போதும். பலரும் ஒட்டும் ஒற்றைப் பருந்துப் படத்தால் பயனில்லை. தீர்வு தெரிந்ததுதான்.

எனவே பொறுப்பை விதியின்மேல் போட முடியாது. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் அமைப்பு கண்ணாடி முகப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவேண்டும். தெருவிளக்கு நடும் உள்ளாட்சி, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடி போடவேண்டும். காட்டெல்லையைக் காக்கும் துறை இவ்விருவரிடமும் அதைக் கேட்டு வாங்கவேண்டும். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்த பின், நடப்போருக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. ஆபத்து மனிதருக்கு என்றால் விதி உடனே பிறக்கிறது. பறவைக்கு ஆபத்து என்றால் அதைக் கேட்கும் மேசைகூட இல்லாத நிலை தொடரக்கூடாது.

வீட்டாருக்கும் கடமை உண்டு. விழுந்த பறவையின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது பாசத்தால் செய்யும் கொலை. தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, இருட்டான இடத்தில் ஓரிரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அடிக்கடி திறந்து பார்க்கக்கூடாது, படம் எடுக்கவும் கூடாது. பிறகு மரங்கள் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்தால், காயமில்லாத பறவை தானே போய்விடும். சிறகு தொங்கினால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அழகாக இருக்கிறது என்று கூண்டில் அடைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான்.

இறந்து கிடக்கும் பறவை வேறு செய்தி சொல்லக்கூடும். 2024 பிப்ரவரியில் அண்டை மாவட்டமான நெல்லூரில் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் உறுதியானது. ஒரு முற்றத்தில் ஒரு பறவை செத்தால் பீதி வேண்டாம். ஆனால் வெறுங்கையால் தொடக்கூடாது. ஒரே இடத்தில் பல செத்தால் கால்நடைத் துறைக்கு அன்றே தகவல் போகவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். வலசைப் பறவைகள் வந்து சேருமுன், செப்டம்பர் முடிவதற்குள், அலிபிரி முதல் கபிலதீர்த்தம் வரையிலான அடிவாரத்தில் மேல்நோக்கிய விளக்குகள் இரவு பத்து மணிக்கு மேல் அணையவேண்டும். புதிய கட்டட அனுமதியில் கண்ணாடி நிபந்தனை இடம்பெறவேண்டும். நள்ளிரவிலும் எடுக்கப்படும் ஒரு மீட்பு எண் அறிவிக்கப்படவேண்டும். அந்த எண்ணைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்டு, விடுதி வரவேற்பறை முதல் ஆட்டோ நிலையம் வரை ஒட்டவேண்டும். மூன்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஆணை எந்தத் தேதியில் வரும் என்பதைப் பொறுப்பில் உள்ளவர்கள் பொதுமக்களிடம் சொல்லட்டும்.