பிரார்த்தனையும் வேண்டும்... மாத்திரையும் வேண்டும்!

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் திருப்புல்லாணி வந்துவிடும். இலங்கைக்குப் போக வழி விடும்படி கடலரசனை வேண்டி, தர்ப்பைப் புல்லின் மேல் ராமர் படுத்துக் காத்திருந்த தலம். குழந்தை வரம் கேட்டு வருகிறவர்கள் ஆதிஜெகந்நாதப் பெருமாளை வணங்கி, பால் பாயசப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நம்பிக்கையோடு ஊர் திரும்புவார்கள்.

இன்னும் தெற்கே, கீழக்கரையைத் தாண்டிப் போனால் ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது பாதுஷாவின் தர்கா இருக்கும் ஊர். இங்கேயும் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனால், அவர்கள் படுகிற வேதனை வேறு.

தனக்குத்தானே பேசிக்கொள்ளும் மகன், சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளும் மனைவி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் தெருவில் நடக்கும் தம்பி... இப்படிப்பட்டவர்களைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இல்லாமல் குடும்பங்கள் வருகின்றன. தர்கா விளக்கின் எண்ணெயும் தண்ணீரும் குணமாக்கும் என்பது நம்பிக்கை. 'போகலாம்' என்று கனவில் உத்தரவு வரும்வரை மாதக்கணக்கில் தங்கியவர்கள் உண்டு.

அப்படித் தங்குகிறவர்களுக்காகத் தனியார் சிலர் தர்காவைச் சுற்றிக் காப்பகங்கள் நடத்தினார்கள். அங்கே இருந்தவர்கள் ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலி போட்டார்கள்.

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. அதில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. கால்களில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள்.

நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் ஏர்வாடியின் அத்தனை காப்பகங்களும் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டார்கள்.

இதில் நெஞ்சை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. இப்படி அழைத்து வரப்படுகிறவர்களில் பலருக்கு இருப்பது மனச்சிதைவு போன்ற நோய்கள். அதற்கான மருந்து வந்து அப்போதே அரை நூற்றாண்டு ஆகியிருந்தது!

வேரில் இருந்த மருந்து

அந்த மருந்தின் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.

சர்ப்பகந்தா என்று ஒரு செடி. பாம்புக்கடிக்கும், தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்கும், மனம் பேதலித்தவர்களுக்கும் அதன் வேரைக் கொடுப்பது நம் நாட்டு வைத்தியத்தில் பழைய வழக்கம். பீகார் பக்கத்தில் அதற்குப் பெயரே 'பைத்திய மருந்து'தான். 1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், இந்த வேர் ரத்தக் கொதிப்பையும் மனநோயின் கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா மருந்து நிறுவனத்தில் அந்த வேரிலிருந்து 'ரிசர்ப்பின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு அமெரிக்க மனநல மருத்துவர் நேதன் க்ளைன் அதைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1954-ல் பலனை வெளியிட்டார். நம் கிராமத்து வேர், உலகத்து மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

ஆபரேஷன் தியேட்டரில் கிடைத்த துப்பு

அதே காலத்தில் பிரான்ஸில் இன்னொரு கதை. ஹென்றி லபோரி என்ற ராணுவ சர்ஜன், ஆபரேஷனின்போது நோயாளிகளின் உடல் அதிர்ச்சி அடையாமல் இருக்க ஒரு மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அலர்ஜி மாத்திரைகளின் வகையைச் சேர்ந்த குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது ஒன்றைக் கவனித்தார். நோயாளிகள் தூங்கவில்லை. விழித்துத்தான் இருந்தார்கள். ஆனால், பயமோ பதற்றமோ இல்லை.

'இது மனநோயாளிகளுக்கு உதவுமோ?' என்று அவருக்குத் தோன்றியது. 1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிகர் என்ற இரண்டு டாக்டர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கத்தியவர்கள் அமைதியானார்கள். காதில் கேட்ட குரல்கள் குறைந்தன. அதுவரை மனநல மருத்துவமனை என்றால் கட்டிப்போடுவது, குளிர்ந்த நீரில் அமுக்குவது, மின்சார அதிர்ச்சி கொடுப்பது என்றுதான் இருந்தது. முதல்முறையாக ஒரு மாத்திரை அந்த இடத்துக்கு வந்தது.

இரண்டு மருந்துகளும் வேலை செய்தன. ஏன் வேலை செய்கின்றன என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை!

முயல் சொன்ன பதில்

அந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தவர் ஸ்வீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன். 1957-ல் அவர் முயல்களுக்கு ரிசர்ப்பின் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டன. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சில நிமிடங்களில் முயல்கள் பழையபடி துள்ளின.

எல்-டோபா மூளைக்குள் போய் 'டோபமின்' ஆக மாறும். ரிசர்ப்பின் காலி செய்திருந்தது அந்த டோபமினைத்தான் என்பது தெளிவானது. மூளை செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ரசாயனங்களில் டோபமினும் ஒன்று என்று கார்ல்சன் நிறுவினார். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டோபமினின் வேலைகளில் ஒன்று, 'இதைக் கவனி, இது முக்கியம்' என்று நமக்குச் சொல்வது. மனச்சிதைவு வந்தவர்களுக்கு மூளையின் ஒரு பகுதியில் அதன் வேலை எல்லை மீறிப் போகிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சாதாரணமாகச் சிரித்தாலும், 'என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்' என்று தோன்றும். டி.வி.யில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றியே பேசுவதாக இருக்கும். அந்த மனிதர் வேண்டுமென்றே அடம் பிடிப்பதில்லை. அவருடைய மூளை அவருக்கு அப்படித்தான் சொல்கிறது.

சாவித் துவாரத்தில் காகிதத்தைத் திணித்தால் சாவி நுழையாது இல்லையா? குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் செய்வது அதைத்தான். டோபமின் போய்ச் சேரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஆனால், கை கால் அசைவுக்கும் டோபமின்தான் வேண்டும். அதனால்தான் சிலருக்கு மாத்திரை சாப்பிட்டதும் கை நடுங்குகிறது, உடம்பு விறைக்கிறது. பின்னாளில் வந்த மருந்துகளில் நடுக்கம் குறைவு. பதிலாகச் சிலருக்கு எடை கூடும், சர்க்கரை ஏறும். மூளையில் டோபமின் மட்டுமே எல்லாம் என்றும் இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சென்னைக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே

தமிழ்நாட்டில் மனநல சிகிச்சை என்றால் ரொம்ப காலம் ஒரே முகவரிதான்: கீழ்ப்பாக்கம். அந்த மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்தியவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன். பூட்டி வைப்பதைவிட, சிகிச்சை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதே முக்கியம் என்று நினைத்தவர். மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு வேண்டும் என்று பாடுபட்டவர். 1984-ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கியதும் அவர்தான்.

ஆனாலும், கடலோரத்தில் மீன்பிடிக்கிற, கூலிக்குப் போகிற குடும்பத்துக்குச் சென்னை தூரம். செலவு அதிகம். 'பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்' என்ற பேச்சு அதைவிடப் பயம். தர்காவுக்கோ கோயிலுக்கோ போனால் யாரும் கேலி பேசமாட்டார்கள். அதனால் அங்கே போனார்கள். அதில் அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

மக்கள் போகிற இடத்துக்கே டாக்டர்

தீ விபத்துக்குப் பிறகு கிடைத்த நல்ல யோசனை இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. மக்கள் டாக்டரிடம் வரவில்லை என்றால், மக்கள் போகிற இடத்துக்கு டாக்டர் போகலாமே?

குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 'தவா - துவா' என்று ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. அதே முறை ஏர்வாடிக்கும் வந்தது. பிரார்த்தனையை யாரும் தடுப்பதில்லை. தொழுதுவிட்டு வருகிறவர்களை அரசு மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். மாத்திரை இலவசம். தர்காவைச் சேர்ந்தவர்களே 'டாக்டரையும் பாருங்கள்' என்று சொல்லும்போது, குடும்பங்கள் தயங்காமல் கேட்கின்றன.

சட்டமும் மாறியது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலம் பாதித்தவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வீட்டில் செய்தாலும் அது தப்புதான்.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு...

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் மகன் தெளிவாகப் பேசுவான், நன்றாகத் தூங்குவான். 'இனி எதற்கு மாத்திரை?' என்று அம்மாவே நிறுத்திவிடுவார். பெரும்பாலும் நோய் திரும்புவது இங்கேதான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் போலவே, எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கை நடுக்கமோ விறைப்போ வந்தால் மாத்திரையைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

மாத்திரை மட்டும் போதாது என்பதும் உண்மை. வேளைக்குச் சாப்பாடு, கையில் ஒரு சின்ன வேலை, 'லூசு' என்று கூப்பிடாத அக்கம்பக்கம், இவை எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. வீட்டில்தான் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

திருப்புல்லாணிக்குப் போங்கள், ஏர்வாடிக்குப் போங்கள், மனதார வேண்டிக்கொள்ளுங்கள். வரும் வழியில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலும் ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள்.