படத்தில் இல்லாதவர்கள்

சென்ற வாரம் எனக்கு ஒரு புகைப்படம் வந்து சேர்ந்தது. தபாலில் அல்ல, இந்நாளைய வழக்கப்படி கைப்பேசியில் வந்தது. அந்தக் காலத்தில் எந்தச் சிற்றூர் ஹைஸ்கூலிலும் எடுத்திருக்கக்கூடிய படந்தான். ஒரு வேப்பமரம், அதன் கீழே நாற்காலிகளில் உபாத்தியாயர்கள், நடுநாயகமாக, சிரித்தால் கௌரவம் குறைந்துவிடும் என்று கருதியவராய்த் தலைமை ஆசிரியர், முன்னால் தரையில் சம்மணமிட்ட பையன்கள், பின்னால் பெஞ்சின்மேல் ஏறி நிற்கும் நெட்டையர்கள், ஓரத்தில் மூன்றே மூன்று பெண்கள். அடியில் வெள்ளை எழுத்தில், "எஸ்.எஸ்.எல்.ஸி., 1966". இரண்டாவது வரிசையில், தமையனாருடைய சட்டைக்குள் புகுந்துகொண்டு, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவன் அடியேன்.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோவில்பட்டிக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில் இருந்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பெயரைச் சொன்னால், அந்தத் தலைமை ஆசிரியர் யார், இந்தப் பையன் யார் என்று நேயர்கள் விசாரணையில் இறங்கிவிடுவார்கள். எல்லோரும் நல்லவர்கள், நிம்மதியாக இருக்கட்டும்.

படத்தை அனுப்பியவர் எங்கள் பழைய மாணவர் கூட்டத்தின் காரியதரிசி. அறுபது வருஷம் ஆகப் போகிறதாம். எல்லோரும் ஒருநாள் ஒன்றுகூட வேண்டுமாம். அதற்கு முன்னால் படத்தில் உள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எழுத வேண்டுமாம். உற்சாகமாக ஆரம்பித்தோம். சில பெயர்கள் உடனே வந்தன. சிலருக்குப் பட்டப் பெயர்தான் வந்தது. அப்பா அம்மா வைத்த பெயர் வரவில்லை. சில பெயர்களுக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று சேர்க்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன்: "கணக்குப்பிள்ளை எங்கே?"

"அவன்தான் பரீட்சையே எழுதவில்லையே! பரீட்சை எழுதியவர்களைத்தான் அழைக்கிறோம்" என்று பதில் வந்தது.

பதிலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

கரிசல் சீமையில் ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் சேருவது இக்காலத்தைப் போல அவ்வளவு பெரிய காரியமல்ல. பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. உபாத்தியாயர் பையனை முன்னால் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதுக்கு எட்டினால் ஐந்து வயது ஆயிற்று என்பது சாஸ்திரம். எட்டாவிட்டால், "அடுத்த வருஷம் கையை நீட்டிக்கொண்டு வா!" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எட்டிய பையனுக்குப் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு பிறந்த நாளையும் அவரே அருளிவிடுவார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் அவதரித்தவர்கள். அந்தத் தேதியே எஸ்.எஸ்.எல்.ஸி. புஸ்தகத்தில் ஏறி, உத்தியோகத்துக்கும் பென்ஷனுக்கும் ஆதாரமாகி, இன்றளவும் எங்களை ஆண்டு வருகிறது.

சேருவது சுலபம், நிலைத்திருப்பதுதான் கடினம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரிசல் மண் காலை விடாது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சேர் மண் பாதத்தில் ஏறும். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் பையன் அரையடி உயர்ந்துவிடுவான். வெயில் காலத்திலோ அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு எங்களை வகுப்பில் உட்கார வைத்தது மதியச் சோறு என்றால் மிகையாகாது. பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் 1956-ம் வருஷம் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது நான் இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊருக்கும் அந்தச் சோறு வந்தது. அதற்குப் பிறகு வருகைப் பட்டியலில் பெயர் கூப்பிட்டால், "உள்ளேன் ஐயா!" என்ற குரலுக்கே ஒரு தெம்பு உண்டாயிற்று.

ஆனால் சோறு பையனைக் கூப்பிட்டது போலவே பருத்தியும் கூப்பிட்டது. மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தி மாசி, பங்குனியில் வெடிக்கும். சர்க்கார் பரீட்சை வைப்பதும் அதே பங்குனியில்தான். வெடித்த பருத்தியைக் காற்றிலும் முள்ளிலும் விட்டுவைக்க முடியாது. வீட்டிலுள்ள கைகள் அத்தனையும் காட்டுக்குப் போக வேண்டும். ஆகையால் எங்கள் பக்கத்தில் வகுப்பு வருஷா வருஷம் மேலே போகப் போகக் கதிர் அறுத்த காடு போல ஆகிக்கொண்டே வந்தது. ஆறாம் வகுப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்த பெஞ்சுகளில் பத்தாம் வகுப்பில் காலை நீட்டிக்கொள்ள இடமிருந்தது. பெண்கள் வயது வந்ததும் வீட்டோடு நின்றார்கள். சிலரைப் பருத்திக் காடு வாங்கிக்கொண்டது. சிலரைத் தீப்பெட்டி ஆபீஸ் வாங்கிக்கொண்டது. சட்டத்தில் குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சின்ன விரல்தான் வாகு என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சின்ன விரல்களைப் பற்றிக் கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி 1990-களில் "கருவேலம்பூக்கள்" என்று ஒரு படமே எடுத்தார். எங்கள் காலத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தொடர்ந்து வராத பையனின் பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். அவ்வளவுதான்.

*

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது எங்கள் சரித்திர உபாத்தியாயர் எங்களைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு நடத்தியே அழைத்துப் போனார். கட்டபொம்மன் சினிமா 1959-ல் வந்திருந்தது. எங்களில் ஒவ்வொருவனும் மனத்துக்குள் மீசை வைத்திருந்தான். கோட்டையைப் பார்க்கப் போனவர்களுக்கு ஏமாற்றந்தான். இன்று அங்கே நிற்கும் நினைவுக் கோட்டை 1974-ல் அரசாங்கம் எழுப்பியது. நாங்கள் பார்த்தது மண் மேடும் முள்ளுந்தான்.

உபாத்தியாயர் மேட்டின்மேல் நின்று கதை சொன்னார். 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதையும், 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து இதே இடத்தில் மறுபடி கோட்டை கட்டியதையும், அதையும் கும்பினியார் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கியதையும் சொன்னார். ஊரின் பெயரையே ஏடுகளிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வதுண்டு. அதையும் சொன்னார்.

அப்பொழுது கணக்குப்பிள்ளை எழுந்து, "ஏட்டிலே இல்லாத ஊர் நமக்கு எப்படி சார் தெரிந்தது?" என்று கேட்டான்.

"உன் பாட்டி சொல்லியிருப்பாளே, அப்பா! ஏட்டில் அடிக்கலாம், பாட்டியின் வாயில் அடிக்க முடியுமா?" என்றார் உபாத்தியாயர்.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். மறு வருஷம் அவன் பெயருக்கு மேலேயே சிவப்புக் கோடு விழப் போகிறது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

*

பரீட்சை எழுதியவர்களைக் கொண்டுதான் ஒரு வகுப்பை அளப்பது என்றால், எங்கள் சீமை எத்தனை பேரை இழக்க வேண்டியிருக்கும் என்று நேயர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயர் பருத்தி ஆலை வைத்து நொடித்துப் போனவர். அவருடைய பிள்ளை 1894-ல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்து ஐந்தாம் பாரம் வரையில் படித்தார். ஆறாம் பாரத்தை அங்கே எட்டவில்லை. 1898-ல் தகப்பனாரும் காலமானார். பிறகு காசிக்குப் போய்த்தான் அவர் பிரவேசப் பரீட்சை தேறினார். 1904-ல் மதுரை சேதுபதி ஹைஸ்கூலில் சில மாத காலம் தமிழ்ப் பண்டிதராகவும் இருந்தார். திருநெல்வேலியில் அவரோடு தொடங்கிய வகுப்பு பரீட்சை எழுதிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் படத்தில் மகாகவி பாரதியார் இருந்திருக்க மாட்டார்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஓர் ஊர். அங்கே 1923-ம் வருஷம் இரண்டு குழந்தைகள் பிறந்தன. இருவரும் இளமைத் தோழர்கள். ஒருவர் பள்ளி இறுதி வகுப்புத் தேறி, சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்து, "ராஜா வந்திருக்கிறார்" போன்ற கதைகளை எழுதினார். அவர்தான் கு. அழகிரிசாமி. மற்றவர் உடம்பு நோயினாலும் வேறு காரணங்களினாலும் பள்ளிப் படிப்பை நடுவிலேயே விட்டு, சம்சாரியாக ஊரிலேயே இருந்தார். அவர்தான் கி. ராஜநாராயணன். அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970-ம் வருஷத்துக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. ராஜநாராயணனுக்கு அதே பரிசு 1991-ல் வந்தது. பள்ளிக்கூடத்தை முடிக்காத அந்தச் சம்சாரி கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதி தொகுத்தார். புதுவைப் பல்கலைக் கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் அமர்ந்தார். தேறியவர் தேறாதவருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு புஸ்தகமாகவே வந்திருக்கின்றன. அழகிரிசாமி தம்முடைய வகுப்புப் படத்தில் இருப்பவர்களுக்கு மட்டுந்தான் கடிதம் எழுதுவேன் என்று இருந்திருந்தால், தமிழுக்கு அந்தப் புஸ்தகம் கிடைத்திருக்குமா?

"படிக்காமலே பெரியவர் ஆகலாம்" என்று நான் உபதேசம் செய்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். லட்சத்தில் ஒருவருக்குத்தான் அது வாய்க்கும். மற்றவர்களுக்குப் போன வகுப்பு போனதுதான். பதினாலு வயது வரையில் இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-ல் சட்டம் வந்ததும், பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கலாகாது என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தியதும் அவர்களுக்காகத்தான். எங்கள் வகுப்புக்கு அவை வெகு காலம் பிந்தி வந்தன.

*

கணக்குப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பிலேயே உபாத்தியாயர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். அதனால் வந்த பெயர் அது. பத்தாம் வகுப்பில் அவன் தகப்பனார் படுக்கையில் விழுந்தார். வீட்டில் இரண்டு தங்கைகள், கடன். அவன் நின்றுவிட்டான். அவன் நின்ற வருஷம் கணக்கில் முதல் பரிசு எனக்குக் கிடைத்தது. நான் மேடையேறிக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

1966 பரீட்சையில் கணக்குத் தாள் அன்று காலை, ஜியாமெட்ரிப் பெட்டியும் கையுமாகக் காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். மடியில் பருத்தி கட்டிக்கொண்டு அவன் நிரையில் நின்றான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பார்க்காதவன் போல நடந்தேன். அவன்தான் கூப்பிட்டான்.

"ஏலே, சாயங்காலம் வரும்போது கேள்வித்தாளைக் கொண்டாந்துரு. மறந்துராதே!"

கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் பருத்தி அம்பாரத்துக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் அவன் முதல் கேள்வியிலிருந்து போட ஆரம்பித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் போட்டான். எனக்கு வராது என்று நான் விட்டுவிட்டு வந்த கணக்கையும் போட்டான். பிறகு தாள்களை மடித்து இறவாரத்தில் செருகிவிட்டு, "காலையிலே வெள்ளனப் போகணும்லே" என்று படுத்துக்கொண்டான்.

அந்த விடைத்தாளை யாரும் திருத்தவில்லை. அதற்கு நம்பரும் இல்லை, மார்க்கும் இல்லை. அறுபது வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. அவன் பிற்பாடு ஒரு பருத்திக் கமிஷன் கடையில் உண்மையாகவே கணக்குப்பிள்ளை ஆனான். தங்கைகளைக் கட்டிக் கொடுத்தான். பிள்ளைகளைப் படிக்க வைத்து அவர்களுடைய மார்க்குப் புஸ்தகங்களில் தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். இன்றும் ஊரிலேதான் இருக்கிறான்.

எங்கள் காரியதரிசிக்கு இதையெல்லாம் எழுதினேன். "பரீட்சை எழுதியவர்களின் பட்டியலை மூடி வையுங்கள். நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 1960-ம் வருஷத்து வருகைப் பட்டியலை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அழைப்பு அனுப்புங்கள். கூட்டத்தன்று பெயர்களை வாசியுங்கள். எத்தனை பேர் 'உள்ளேன்' என்கிறார்களோ, பார்க்கலாம்" என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாளே பதில் வந்தது. யோசனை அவருக்கும் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் போய் விசாரித்தும் விட்டார். அந்தப் பட்டியலைக் கரையான் அரித்து வெகு நாளாகிவிட்டதாம்!

ஆகவே ஏடு இல்லை. எங்கள் ஞாபகந்தான் ஏடு. இரண்டு நாளாக உட்கார்ந்து பெஞ்சு பெஞ்சாக நினைவுபடுத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் பெஞ்சில் ஜன்னலோரம் யார்? மழைக்குச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வருவானே, அவன் பெயர் என்ன? எட்டாம் வகுப்போடு நின்ற அந்தப் பெண் இப்பொழுது எந்த ஊரில் பாட்டியாக இருக்கிறாள்? பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.

நேயர்களில் பலரும் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போகிறவர்களாக இருப்பீர்கள். பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இவர் யார், அவர் யார் என்று கேட்கும்போது, இதில் இல்லாதவர் யார் என்றும் ஒரு முறை கேளுங்கள். கேட்டதும் உங்களுக்கும் ஒரு பெயர் ஞாபகம் வரும். அவருக்கு முதல் அழைப்பை அனுப்புங்கள்.