டெவ் நல் பக்தர்களே, ஒரு நிமிஷம்!

"ஃபைண்ட் போட்டா ஸ்கிரீன் முழுக்க பெர்மிஷன் டினைடுன்னு வருதுடா" என்று லேபில் யாராவது புலம்பினால் போதும். பக்கத்து சீட்டிலிருந்து உடனே வைத்தியம் வரும்: "கடைசில 2>/டெவ்/நல் சேர்த்துக்க மச்சி, எல்லாம் போயிடும்." போவது என்ன என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. பட்டேன்.

போன செமஸ்டரில் எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காணோம். பார்ட்னரைக் கேட்டால் "எங்கயோ பத்திரமா வெச்சேன்டா, எங்கன்னுதான் ஞாபகம் இல்ல" என்றான். ரூட்டிலிருந்து தேடினேன், வழக்கம்போல 2>/டெவ்/நல் போட்டு. ஒரு வரிகூட வரவில்லை. அழித்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டி, அவனோடு சண்டை போட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் மறுபடி டைப் செய்தேன். ஃபைல் அழியவே இல்லை. சூடோ போட்டு ஒரு பேக்கப் டைரக்டரிக்குள் நகர்த்தியிருந்தான். ரூட்டுக்குச் சொந்தமான டைரக்டரி, பெர்மிஷன் 700. "இதற்குள் போக எனக்கு அனுமதி இல்லை" என்று ஃபைண்ட் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. அதன் வாயில் துணியை அடைத்தவன் நான்.

'தேடினேன், இல்லை' என்பது வேறு. 'தேடவே விடவில்லை' என்பது வேறு. 2>/டெவ்/நல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பெர்மிஷன் மட்டுமா? பாதையை /வார் என்பதற்கு /வ்ரா என்று தப்பாக அடித்தாலும் சத்தம் வராது. ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்து இன்புட் அவுட்புட் எர்ரர் என்று கதறினாலும் வராது.

இதில் பெரிய காமெடி, ஸ்டாண்டர்ட் எர்ரர் பிறந்த கதை. 1970களில் பெல் லேப்ஸில் போட்டோ டைப்செட்டர் இருந்தது. அச்சான தாளை நாற்றமடிக்கும் இன்னொரு மெஷினில் விட்டு, சில நிமிடம் காத்திருந்தால்தான் எழுத்து தெரியும். ஒரு நாள் பலருக்கும் கிடைத்தது, ஃபைலைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி, அழகாக அச்சுக்கோத்து! முணுமுணுப்பு கிளம்பியது, சில நாளில் பிழைச்செய்திக்குத் தனி வழி போட்டார்கள். மனிதன் கண்ணில் படவேண்டும் என்று போட்ட வழி சார் அது. நாம் அதை நேராகச் சாக்கடையில் இணைத்து வைத்திருக்கிறோம் :-)

"அப்போ /ப்ராக் கீழே வரும் நூறு வரியையும் படிக்கணுமா?" வேண்டாம். அங்கே போகாதே என்று -ப்ரூன் போடுங்கள். இல்லை, 2>பிழை.டெக்ஸ்ட் என்று ஒரு ஃபைலில் பிடித்து வைத்து, எதுவும் கிடைக்காதபோது திறந்து பாருங்கள். 2>&1 போட்டு க்ரெப் -வி வழியாக வடிகட்டுகிறவர்கள் கொஞ்சம் தேவலை, மற்ற பிழைகளாவது தெரியும். ஆனால் பதிலும் பிழையும் ஒரே குழாயில் கலந்துவிடும். எதுவுமே முடியாத சோம்பேறிகள் (நம்ம ஜாதி) ஃபைண்ட் முடிந்ததும் எக்கோ $? அடிக்கலாம். பூஜ்ஜியம் இல்லையென்றால் எங்கேயோ இடித்திருக்கிறது. க்ரெப்போடு சேர்த்து ஓட்டினால் வருவது க்ரெப்பின் எண், அதில் ஏமாறவேண்டாம்.

பார்ட்னர் இப்போது பேசுகிறான். நேற்று அவன் ஒரு லாக் ஃபைலைத் தேடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கடைசியில் அதே 2>/டெவ்/நல்.